வேட்டியும் டையும்

மணலூர்பேட்டையில் சித்திரை வெயிலுக்குத் தென்பெண்ணை மணல்ல கால் வைக்க முடியாது. அப்பா எட்டு முழ வேட்டியோடதான் எங்கயும் போவார். நான் சேர்ந்த சென்னை கம்பெனியிலோ முழுக்கைச் சட்டை, டை, ஷூ. என்னைப் பார்க்க வந்தவரை, வேட்டின்னு வாசல் நாற்காலியோடு நிறுத்திட்டாங்க. அந்த எரிச்சலில்தான் இதைத் தேடினேன்.

2014 ஜூலையில், சேப்பாக்கம் கிரிக்கெட் கிளப்பில் நடந்த புத்தக வெளியீட்டுக்குப் போன உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமனையே வேட்டி கட்டியதால் உள்ளே விடவில்லை. (நீதிபதிக்கே இந்தக் கதின்னா!) சட்டமன்றம் கொதித்தது. ஆகஸ்டிலேயே ஜெயலலிதா அரசு சட்டம் கொண்டுவந்தது: வேட்டியைக் காரணம் காட்டிப் பொது இடத்தில் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம்.

2019இல் தலைமைச் செயலக ஊழியர்களுக்கு வந்த ஆணையிலும் பேன்ட்டோடு வேட்டிக்கும் இடம் உண்டு. ஆனால் அதே ஆணை, நீதிமன்றத்துக்குப் போனால் கோட்டும் டையும் கேட்கிறது! ஒரு நீதிபதியின் வேட்டியால் சட்டம் பிறந்த ஊரில்.

அந்தச் சட்டமும் நுழைவைப் பற்றித்தான் பேசுது. உள்ளே உட்கார்ந்து வேலை செய்றவன் உடுப்பைப் பற்றி இல்லை. போன வாரமும் டை கட்டித்தான் போனேன்.