டைம் (பழைய அமெரிக்க நாணயம்)

டாலரில் பத்திலொரு பங்கான டைம் 1796 முதல் வெளிவருகிறது. வயது கூடினால் விலையும் கூடும் என்பது பரவலான எண்ணம். சான்றுகள் அதற்கு இடம்தருவதில்லை. இறகுத் தொப்பி அணிந்த சுதந்திரதேவியின் தலை பொறித்த காசையே பாருங்கள் (ரோமக் கடவுள் என்று தவறாக எண்ணி ‘மெர்க்குரி டைம்’ என்றே ஊர் அழைத்துவிட்டது). 1916இல் பிலடெல்பியா நாணயச்சாலை 2.2 கோடிக்கு மேல் அச்சிட்டது. டென்வர் 2,64,000 மட்டுமே. டென்வர் காசின் பின்புறத்தில், அங்கே பொறித்த கோல்கட்டின் அடிப்பகுதிக்கு இடப்பக்கம் இருக்கும், டென்வரைக் குறிக்கும் பொடியளவு ‘டி’ எழுத்து, நன்றாகத் தேய்ந்த காசுக்கும் பல நூறு டாலர் பெற்றுத்தருகிறது. அதைவிட மூத்த 1892ஆம் ஆண்டு பிலடெல்பியா டைம், தேய்ந்திருந்தால், சில டாலரோடு நின்றுவிடும்.

வெள்ளிதானே விலையைத் தீர்மானிக்கிறது என்று கேட்கலாம். 1873 முதல் 1964 வரை எடை ஏறத்தாழ 2.5 கிராம், அதில் 90 விழுக்காடு வெள்ளி. ஆனால் இரண்டு 1916 காசுகளிலும் வெள்ளி ஒன்றே. ஆகவே உலோகம் அடிவிலையை மட்டுமே காட்டும். அப்படியானால் எழுத்தைப் பார்த்தால் போதுமா? போதாது. பிலடெல்பியா காசில் ‘டி’யை ஒட்டவைக்கும் மோசடி பழையது, உருப்பெருக்கியில் எழுத்தின் வடிவம், இடம், விளிம்பின் ஒட்டுத்தடம் மூன்றையும் பார்க்கவேண்டும். மெருகேற்றித் தேய்த்த காசு, அசலேயானாலும், விலை இறங்கும்.