பாட்டியின் புடவையும் கருப்பூர் ஆசையும்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். வாத்தியார் புத்தி, விடாது.

போன மாதம் ஸ்ரீரங்கம் வீட்டைக் காலி செய்தபோது பரணிலிருந்த டிரங்குப் பெட்டியில் பாட்டியின் ஒன்பது கஜம் புடவை கிடைத்தது. அரக்கு நிறம், பச்சைக் கரை. பிரித்தால் மடிப்பு மடிப்பாகக் கிழிந்து கையோடு வருகிறது. ஜரிகை கறுத்திருந்தது.

"யார் கட்டப் போறா? ஜரிகைக்காரன்கிட்ட போட்டுடு" என்றாள் அக்கா. பழைய பட்டு வாங்குகிறவர்கள் புடவையை எரித்து வெள்ளியை எடுத்துக்கொள்வார்கள். அசல் ஜரிகை, பட்டு நூலின் மேல் தட்டையான வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் பூசியது. இப்படி எரிந்து போன பழம்புடவைகளுக்குக் கணக்கே இல்லை.

படம் பார்த்த நண்பர் ஒருவர், "கோடாலிக் கருப்பூர்ப் புடவையாக இருக்குமோ?" என்று கேட்டுவிட்டார். அன்று எனக்குத் தூக்கம் போயிற்று.

ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே ஓடும் அதே கொள்ளிடத்தின் கரையோரம், கிழக்கே, இன்றைய அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது கோடாலிக் கருப்பூர். தஞ்சை மராட்டிய அரச குடும்பத்துக்காக அங்கே புடவை செய்தார்கள். பருத்தியில் ஜரிகைப் பூக்களை நெய்து, அதன் மேல் மெழுகால் கோடிட்டுச் சாயம் ஏற்றுவார்கள். நெசவும் ஓவியமும் ஒரே துணியில்! 1855-ல் இரண்டாம் சிவாஜி மன்னர் ஆண் வாரிசின்றி இறந்தார். கும்பினியார் அரசை எடுத்துக்கொண்டார்கள். வாங்க அரண்மனை இல்லை. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் தொழிலும் நலிந்தது. இன்று அந்தப் புடவைகளை அருங்காட்சியகங்களில்தான் பார்க்கலாம்.

ஆசையை ஓரமாக வைத்துவிட்டுச் சோதித்தேன். உதிர்ந்த நூல் ஒன்றை இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டினேன். முடி கருகும் வாடை. சாம்பல் விரலில் பொடிந்தது. ஆக, பட்டு. பருத்தியென்றால் காகிதம் எரியும் வாடை வந்திருக்கும். மெழுகு, சாயத் தடமும் இல்லை. கரையும் உடலும் சேருமிடத்தில் இரு நிற ஊடை நூல்கள் ஒன்றையொன்று கோத்திருந்தன, அதுதான் கோர்வை. உடலின் பாவோடு முந்தானையின் பாவைப் பிணைத்து நெய்த பிட்னியும் தெரிந்தது. இரண்டும் காஞ்சிபுரத்துக் கைவேலை. கருப்பூர் ஆசை அத்தோடு போயிற்று.

ஆனால் லென்ஸ் வைத்துப் பார்த்ததில் வேறொன்று கண்ணில் பட்டது. கரையோரம் ஒரு பழைய கிழிசல், நிறம் பொருந்தாத நீல நூலால் பொடிப் பொடியாகத் தைத்தது. அக்காவிடம் காட்டினேன். சற்று நேரம் பேசவில்லை. "இது பாட்டி தையல்டா. எனக்குப் பாவாடை தைச்சு மிஞ்சின நூல்" என்றாள். ஜரிகைக்காரன் பேச்சு அதோடு நின்றது.

அப்புறம் சீர்செய்தோம். துவைக்கவில்லை, நனைந்தால் நைந்த பட்டு தாங்காது. கஞ்சி போக அலசிய மெல்லிய மல் துணியை அடியில் வைத்து, மெல்லிய பட்டு நூலால் கிழிசலின் குறுக்கே இறுக்காமல் தைத்தோம். நெருக்கி டார்னிங் செய்தால் பக்கத்து இழையும் அறும். ஜரிகையைத் தேய்க்கவில்லை, தேய்த்தால் முலாம் போகும். பாட்டியின் நீலத் தையலைத் தொடவே இல்லை.

மேல்நாட்டில் 1900-ஐ ஒட்டிய பட்டு கவுன்களின் கதி இன்னும் மோசம். எடை கூட்ட வெள்ளீய உப்பு ஏற்றிய பட்டு, பெட்டியில் வைத்தபடியே சிதறிவிடுகிறது. நம் புடவைக்கு அந்த வியாதி இல்லை. வருடக்கணக்காக ஒரே மடிப்பில் கிடந்ததுதான் அதன் வினை. மாற்றி மடிக்க யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

இப்போது அட்டைக் குழாயில் வெள்ளைத் துணி சுற்றி, அதன்மேல் புடவையைச் சுருட்டி அக்கா வீட்டு பீரோவில் வைத்திருக்கிறோம். உங்கள் வீட்டுப் பெட்டியையும் இந்த ஞாயிறு திறந்து பாருங்கள். மடிப்பையாவது மாற்றி வையுங்கள்.