முதுகந்தண்டில் ஒரு வரி

வேலூர்க் கோட்டைக்குள் சலகண்டேசுவரர் கோயிலின் கல்யாண மண்டபத் தூண்களில் முன்னங்கால்களைத் தூக்கிப் பாயும் குதிரைகள் நிற்கின்றன. சேணமும் கடிவாளமும் கழுத்தணியும் உளிக்கு அகப்பட்டுவிட்டன. நிறம் ஒன்றுதான் கல்லுக்கு அகப்படவில்லை. பாலாற்றங்கரையோ குதிரைப் படைகள் ஓயாது உலவிய நிலம். 1749 ஆகஸ்டு 3 அன்று ஆம்பூர்ப் போரில் நவாப் அன்வருத்தீன் வீழ்ந்தார். 1806 ஜூலை 10 அன்று வேலூர்ச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது, ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரை வீரர்களுடன் சுமார் 16 மைல் விரைந்து வந்ததே கிளர்ச்சியின் முடிவைத் தீர்மானித்தது.

இத்தகைய நிலத்தில் குதிரையை வாங்கியவர்கள் எதைப் பார்த்து வாங்கினார்கள்? நிறத்துக்கு நம்மிடம் சொற்பஞ்சம் இருந்ததில்லை. மலையமான் திருமுடிக்காரியின் குதிரைக்கும் காரி என்றே பெயர். கருமையில் பிறந்த சொல் அது. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் சொக்கநாதரே குதிரை வணிகராகி வந்து பரி இலக்கணம் உரைக்கிறார். நான்கு கால்களும் முகமும் வெளுத்த பரி பஞ்சகல்யாணி எனப்பட்டது. மயிர்ச்சுழி இருக்கும் இடத்தை வைத்து நன்மை தீமை கணித்தனர். ஆர்க்காட்டு நவாபுகளின் காலத்தில் முஷ்கி, குமைத், சமந்த் முதலான பாரசீகப் பெயர்களும் சேர்ந்தன. ஆயினும் சுழியும் வெண்மையும் குதிரையை உடையவனின் விதியைச் சொல்ல வந்த குறிகளே. குதிரையின் மரபைச் சொல்ல வந்தவை அல்ல.

மரபைச் சொல்லும் குறி வேறொன்று உண்டு. ஆங்கிலேயர் ‘டன்’ என்று அழைக்கும் நிறத்தில் அது வெளிப்படுகிறது. உடல் நிறத்தை மட்டும் நம்பினால் கண் ஏமாறும்; ஏனெனில் டன் என்பது தனியொரு நிறமன்று, அடிநிறத்தை மங்கச் செய்யும் இயல்பு. கபில நிறத்தின்மேல் அது படிந்தால் மணல்நிறம் பிறக்கும். கருமையின்மேல் படிந்தால் சாம்பல் நிறம். செம்மையின்மேல் படிந்தால் வெளிறிய செம்மண் நிறம். ஆனால் பிடரியிலிருந்து வால்வரை முதுகந்தண்டின்மேல் ஓடும் வரி மங்குவதில்லை. தலையும் உடலைவிடக் கறுத்தே இருக்கும். முழங்கால்களில் வரிக்குதிரையை நினைவூட்டும் பட்டைகளும், சிலவற்றில் தோளின் குறுக்கே ஒரு கீற்றும் காணலாம். மணல்நிற உடலும் கறுத்த பிடரியும் கொண்ட எல்லாக் குதிரையும் டன் ஆகாது; கிரீம் மரபணுவாலும் அத்தோற்றம் வரும். அதில் கூர்மையான முதுகுவரி இராது. குட்டிப் பருவத்தில் மட்டும் தோன்றி, முதல் மயிர் உதிர்ந்ததும் மறையும் நிழற்கோட்டையும் கணக்கில் கொள்ளக் கூடாது.

இந்த வரியை உலக அறிவியலின் முன் நிறுத்தியதில் இந்தியக் குதிரைக்கும் பங்குண்டு. கத்தியவார் இனத்தில் வரியில்லாத குதிரையைத் தூய இனமாகக் கொள்வதில்லை என்று, அரசுக்காக அவ்வினத்தை ஆராய்ந்த கர்னல் பூல் வழியே டார்வின் அறிந்தார். 1859இல் வெளிவந்த ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலில் அதை எழுதினார். குதிரை, கழுதை, வரிக்குதிரை மூன்றுக்கும் வரியுடைய மூதாதை ஒன்றே என்பது அவர் கருத்து. சௌராட்டிரத்துக் குதிரைக்காரர் வழிவழியாகக் கண்ணால் அறிந்திருந்ததே அவருக்குச் சான்றாயிற்று. அவர்கள் பெயர்கள் நூலில் இல்லை. கர்னலின் பெயர் இருக்கிறது.

2015இல் உப்சாலாவின் லெய்ஃப் ஆண்டர்சனும் அவருடன் ஆராய்ந்தோரும் இதன் காரணத்தைக் கண்டனர். டி.பி.எக்ஸ்.3 என்னும் மரபணு, வளரும் மயிரின் ஒரு பக்கத்தில் மட்டும் நிறமி படியச் செய்கிறது. மறுபக்கம் வெறுமையாக நிற்பதால் உடல் மங்குகிறது. முதுகுவரி மயிரிலோ சுற்றிலும் நிறமி நிறைந்துள்ளது. டன்னே குதிரையின் தொல் நிறம். மங்கோலியாவின் பிரசெவால்ஸ்கி குதிரைகள் இன்றும் அந்நிறத்தவையே. நாம் இயல்பென்று கருதும் கருங்குதிரையும் கபிலக் குதிரையும் அம்மரபணு வலுவிழந்ததால் வந்தவை. அம்மாற்றமும் மனிதன் செய்ததன்று: ஏறத்தாழ 43,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த குதிரை ஒன்றின் எச்சத்திலேயே டன் அல்லாத வடிவமும் இருந்தது.

மங்குவது மயிர்தான், அடியிலுள்ள தோல் கருமை மாறாது. தோலும் மயிரும் வெவ்வேறு கணக்கு என்பதை ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிலாளருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. சுண்ணாம்புத் தொட்டியில் ஊறி மயிர் கழிந்தபின், செம்மறியோ வெள்ளாடோ, மேனியின் நிறம் பேசப்படுவதில்லை.

குதிரைப் படைகள் கலைந்துபோயின. ஐயனார் கோயில் மண்குதிரைகளின் முதுகில் வேளார் கை அணியும் மணியும் தீட்டும். இந்த வரியைத் தீட்டுவது அரிது. சலவைத் தொழிலாளரின் பொதி சுமந்த சாம்பல்நிறக் கழுதையின் முதுகிலோ அது ஓடி, தோளில் குறுக்குக் கீற்றோடு சிலுவையாகச் சந்திக்கும். வரியற்ற கருங்கழுதைகளிலும் அதே டி.பி.எக்ஸ்.3 மரபணுவின் அருகில் மாற்றம் நேர்ந்துள்ளதை 2020இல் ஓர் ஆய்வு காட்டியது.