பொது நூலகங்களும் கட்டற்ற மென்பொருளும்: வடசென்னை நோக்கில்

கட்டற்ற மென்பொருள் என்பது எவரும் இயக்கவும், மூலநிரலைப் படித்து அறியவும், படியெடுத்துப் பிறருக்குக் கொடுக்கவும், திருத்தி மேம்படுத்தவும் உரிமம் அளிக்கும் மென்பொருளாகும். பொது நூலகம் என்பது மக்களின் வரிப்பணத்தில் நூல்களை வாங்கி, எல்லோருக்கும் பொதுவில் வைக்கும் நிறுவனமாகும். அறிவு ஒருவர் கையில் முடங்கக் கூடாது என்ற எண்ணமே இரண்டுக்கும் அடிப்படை. இவை சென்னையில் வளர்ந்த விதத்தையும், இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய துறைமுகத் தொழிற்பகுதிகளில் இவை ஒன்றுசேர வேண்டியதன் தேவையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

நூலகச் சட்டமும் நூலக வரியும்

சீர்காழியில் பிறந்து கணித ஆசிரியராகப் பணியாற்றிய எஸ். ஆர். ரங்கநாதன், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். நூலக அறிவியலின் ஐந்து விதிகளை விளக்கும் அவரது நூலைச் சென்னை நூலகச் சங்கம் 1931இல் வெளியிட்டது. நூல் பூட்டி வைப்பதற்கு உரியதன்று, பயன்படுத்துவதற்கே உரியது என்பது முதல் விதியின் கருத்து. வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்கு வேண்டிய நூல் கிடைக்க வேண்டும் என்கிறது இரண்டாம் விதி.

இக்கருத்துகளுக்குச் சட்ட வடிவம் தந்தது 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம். விடுதலை பெற்ற இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் பொது நூலகச் சட்டம் இதுவே. அப்போது கல்வி அமைச்சராக இருந்தவர் தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார். இச்சட்டப்படி உள்ளாட்சி அமைப்புகள் சொத்துவரியோடு சேர்த்து நூலக வரியையும் வசூலித்து நூலக ஆணைக்குழுவுக்கு வழங்க வேண்டும். இப்போது இவ்வரி ரூபாய்க்கு 10 காசு ஆகும். வீட்டுக்கும் கடைக்கும் ஆலைக்கும் கட்டப்படும் வரியில் இது அடங்கியிருக்கிறது. வாடகைக்குக் குடியிருப்பவரும் வாடகை வழியாக இதில் பங்கு செலுத்துகிறார். எனவே கிளை நூலகத்தில் உள்ள ஒவ்வொரு பொருளும் அப்பகுதி மக்கள் விலை கொடுத்து வாங்கிய பொருளே.

கட்டற்ற மென்பொருள் வந்த வழி

ரிச்சர்டு ஸ்டால்மன் 1983இல் குனூ திட்டத்தை அறிவித்தார். குனூ பொது உரிமம் 1989இல் வெளியானது. 1991இல் லினஸ் டோர்வால்ட்சு லினக்ஸ் கருநிரலை வெளியிட்டார். இணைய வேகம் குறைவாக இருந்த தொண்ணூறுகளில், கணினி இதழ்களோடு இணைத்துத் தரப்பட்ட குறுந்தகடுகள் வழியாகவே லினக்ஸ் பல இந்திய வாசகர்களை அடைந்தது. ஒருவர் வாங்கிய தகடு பல கைகள் மாறியது. உரிமமும் அதற்கு இடம் கொடுத்தது.

இவ்வரலாற்றில் சென்னைக்குத் தனி இடம் உண்டு. லினக்ஸ் பயனர்கள் 1998 முதல் இங்கு குழுவாகக் கூடி வந்தனர். சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குதளம் 2007இல் வெளியானது. தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் அதே காலத்தில் தன் அலுவலகக் கணினிகளை லினக்சுக்கு மாற்றியது. 2011இல் தொடங்கிய மாணவர்களுக்கான விலையில்லா மடிக்கணினித் திட்டத்திலும் பாஸ் லினக்ஸ் இடம்பெற்றது. 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையும், 2010இல் ஏற்ற ஒருங்குறியும் கணினியில் தமிழ் எழுதுவதை எளிதாக்கின.

பணியறையில் ஒரு மாற்றம்

நூலகங்களுக்குள் கட்டற்ற மென்பொருள் முதலில் நுழைந்தது நூலகரின் பணியறை வழியாகத்தான். நியூசிலாந்தின் ஹோரோவெனுவா நூலக அறக்கட்டளையின் பழைய மென்பொருள் 2000ஆம் ஆண்டைத் தாண்டி இயங்காது என்ற நிலை வந்தபோது, அதற்கு மாற்றாகக் 'கோஹா' உருவாக்கப்பட்டது. மாவோரி மொழியில் கோஹா என்பதற்கு அன்பளிப்பு என்று பொருள். நூற்பட்டியல், நூல் இரவல் முதலிய வேலைகளைக் கவனிக்கும் இம்மென்பொருளை இன்று இந்திய நூலகங்கள் பலவும் பயன்படுத்துகின்றன. ஐதராபாத்தில் உருவான 'நியூஜென்லிப்' 2008இல் திறந்த மூல மென்பொருளாக வெளியிடப்பட்டது.

தமிழ் மின்னூல்களின் வளர்ச்சியிலும் தன்னார்வலர்களின் உழைப்பும் கட்டற்ற மென்பொருளும் கைகோத்தன. மதுரைத் திட்டம் 1998இல் தொடங்கியது. 2005இல் தொடங்கிய ஈழத்து நூலகத் திட்டம் மீடியாவிக்கி என்னும் கட்டற்ற மென்பொருளில் இயங்குகிறது. நூல்களைக் காக்கவும் பட்டியலிடவும் பயன்பட்ட இம்மென்பொருள்களை, வாசகர் வீட்டுக்கு எடுத்துச் செல்லும் பொருளாகக் கருதும் வழக்கம் இன்னும் பரவவில்லை.

உரிமம் செய்யும் வேறுபாடு

நூலகத்தில் ஒரு நூலின் ஒரு படிதான் இருக்கும் என்றால், ஒருவர் எடுத்துச் சென்றபின் அடுத்தவர் காத்திருக்க வேண்டும். வணிக மென்பொருளை அவ்வாறுகூடக் கொடுக்க முடிவதில்லை. அதன் உரிமம் பெரும்பாலும் குறிப்பிட்ட கணினிக்கோ, குறிப்பிட்ட பயனருக்கோ மட்டுமே உரியது. கட்டற்ற மென்பொருளை ஒரு பென் டிரைவில் படியெடுத்துக் கொடுத்தால் நூலகத்தின் படி நூலகத்திலேயே இருக்கும். திருப்பித் தரும் நாள் இல்லை, தாமதக் கட்டணமும் இல்லை. பெற்றவர் தம் நண்பருக்குக் கொடுத்தாலும் குற்றமில்லை. திருட்டுப் படியை நாடிய மாணவர் நேர்வழியில் கற்க இது வாய்ப்பளிக்கிறது.

வடசென்னையின் தேவை

திருவொற்றியூரும் எண்ணூரும் வாகனம், டயர், மின்சாரம், துறைமுகம் எனப் பல தொழில்களால் வளர்ந்தவை. இங்கு தொழிற்பயிற்சி பெறும் இளைஞருக்குப் பொறி உறுப்புகளை வரைந்து பழக ஃப்ரீகேட் உதவும். மாநிலப் பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் மாணவர் பைத்தான் மொழி கற்கிறார். வீட்டில் கணினி இல்லாத மாணவருக்கு நூலகக் கணினியே பயிற்சிக்கூடம். சிறு கடைக்காரர் லிப்ரே ஆபீசில் வரவு செலவுக் கணக்கு எழுதலாம்.

எண்ணூர் மீனவர்களுக்கு வரைபடம் வாழ்வாதாரத்தோடு தொடர்புடையது. கழிமுகத்தின் எல்லை எது, எங்கே கட்டடம் எழுப்பலாம் என்ற வாதங்கள் வரைபடங்களை வைத்தே நடக்கின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. இத்தகைய பாதிப்புகளை மக்களே குறித்து வைக்கக் கியூஜிஸ் என்னும் கட்டற்ற வரைபட மென்பொருளும், எவரும் பங்களிக்கக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பும் பயன்படும். நூலகத்தில் அவற்றைக் கற்க முடிந்தால், வரைபடத்தைப் பிறர் விளக்கிச் சொல்லக் காத்திருக்க வேண்டியதில்லை.

தடைகளும் வழிகளும்

வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனங்கள் சில, குறிப்பிட்ட வணிக மென்பொருளில் பழகியவரையே கேட்கின்றன. இது உண்மையான தடையே. ஆயினும் வரைதல், கணக்கிடல், நிரல் எழுதுதல் ஆகியவற்றின் அடிப்படை தெரிந்தவர் புதிய கருவிக்கு விரைவில் பழகிவிடுவார். மற்றொரு தடை, பயிற்சி பெற்ற ஆள் இல்லாமை. விழுப்புரத்தில் லினக்ஸ் பயனர் குழுவினர் கிராமப்புற மாணவர்களுக்குத் தன்னார்வமாகக் கற்பித்து வருவது இதற்கு ஒரு வழிகாட்டி.

2024 நவம்பரில் கொளத்தூரில் திறக்கப்பட்ட முதல்வர் படைப்பகம், படிக்கும் இடமும் பணிசெய்யும் இடமும் ஒரே கூரையின்கீழ் அமையலாம் என்று காட்டியது. கிளை நூலகத்தில் தொடங்குவதற்குப் பெரிய கட்டடம் தேவையில்லை. லினக்ஸ் நிறுவிய ஒரு கணினி, மென்பொருள்கள் அடங்கிய சில பென் டிரைவ்கள், எளிய தமிழில் ஒரு கையேடு, வாரம் ஒரு மாலை வந்து கற்பிக்கும் ஒரு தன்னார்வலர் ஆகியவை போதும். மென்பொருளுக்கு விலை இல்லை. மற்றச் செலவுகளுக்காகவே நூலக வரி இருக்கிறது.