மலைப்பாதை மிதிவண்டிப் பயணம்

மலைப்பாதை மிதிவண்டிப் பயணம் (தமிழ்நாடு): துணிமணி, தண்ணீர், பஞ்சர் சாமான் எல்லாவற்றையும் சைக்கிளிலேயே கட்டிக்கொண்டு, மலைச்சாலைகளிலும் ஆற்றுப் பள்ளத்தாக்குகளிலும் பல நாள் மிதித்துச் செல்லும் பயணமுறை. இது பந்தயம் அன்று. சாலையும் கியரும் எப்போது வந்தன என்பதைப் பொறுத்தே தமிழ்நாட்டில் இதன் வரலாறு அமைந்தது. நீலகிரியும் கொடைக்கானலும் முந்திக்கொண்டன. விருத்தாசலம் போன்ற சமவெளி ஊர்களிலிருந்து ஒரே நாளில் மிதித்து எட்டக்கூடிய கல்வராயன் மலை, பச்சைமலை, கொல்லிமலை ஆகியவை பின்தங்கின. ஆனால் சைக்கிளுக்கு உகந்தவை கிழக்குத் தொடர்ச்சியைச் சேர்ந்த இந்த மலைகள்தாம்.

சாலைகள். தமிழ்நாட்டு மலைச்சாலை எதுவும் சைக்கிளை நினைத்துப் போடப்பட்டதில்லை. ஆனாலும் பழைய சாலைகள் சைக்கிளுக்கு நன்றாகவே பொருந்துகின்றன. மாட்டுவண்டி ஏற வேண்டும் என்பதற்காக அவற்றின் சரிவைத் தணித்து, மலையைச் சுற்றிச் சுற்றி வளைத்தார்கள். மாட்டுக்கு இழுக்க முடிந்த ஏற்றம் மனிதக் காலுக்கும் முடியும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் செல்லும் சாலை 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுகிறது. 1871இல் திறந்த வண்டிப்பாதையின் வழியைத்தான் அது பெரும்பாலும் பின்பற்றுகிறது. பக்கத்திலேயே ஓடும் மலை ரயில் 1899இல் குன்னூரை எட்டியது. அதன் செங்குத்தான இடங்களில் 12.5 அடிக்கு ஓர் அடி ஏற்றம் என்பதால், எஞ்சினுக்கே பற்சக்கரமும் பற்தண்டவாளமும் தேவைப்பட்டன. கொடைக்கானலுக்கு மோட்டார் ஏறும் சாலை 1916இல்தான் அமைந்தது. அதுவரை டோலியிலோ குதிரையிலோ நடந்தோதான் மேலே போக வேண்டும். வால்பாறைக்கு 40 வளைவுகள், மசினகுடியிலிருந்து உதகைக்கு ஏறும் கல்லட்டிப் பாதைக்கு 36, திம்பத்துக்கு 27, கொல்லிமலைக்கு 70. மலையடிவார ஊர்களில் ஒரு பாதையின் கடுமையை இன்றும் இந்த எண்ணிக்கையைச் சொல்லித்தான் பேசுகிறார்கள்.

முதல் பயணிகள். 1884 முதல் 1886 வரை பெரிய முன்சக்கர வண்டியில் உலகைச் சுற்றிய தாமஸ் ஸ்டீவன்ஸ் இந்தியாவில் வட சமவெளியின் பெருஞ்சாலையோடு நின்றுவிட்டார். தெற்கின் சாலைகளையும் கண்டவர்கள் அமெரிக்கத் தம்பதியர் ஃபேனி புல்லக் வொர்க்மனும் வில்லியம் ஹன்ட்டர் வொர்க்மனும். 19ஆம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில் அவர்கள் இந்தியாவில் 14,000 மைல் மிதித்தார்கள். அந்தப் பயண நூல் 1904இல் வெளிவந்தது. கோயில்களைத் தேடி வந்த அவர்களுக்கு இமயமலைமேல் பற்று ஏற்பட்டதும் இந்தக் காலத்தில்தான். ஃபேனி பிறகு இமயத்தில் பெயர்பெற்ற மலையேறியானார்.

இந்தியர்களில் முன்னோடிகள் பம்பாய்ப் பார்சி இளைஞர்கள். 1923 அக்டோபரில் ஆறு பேர் புறப்பட்டார்கள். அவர்களில் ஆதி ஹக்கீம், ஜல் பாப்பசோலா, ருஸ்தம் பும்காரா மூவரும் சுமார் 71,000 கி.மீ. கடந்து 1928இல் ஊர் திரும்பினார்கள். கியர் இல்லாத வண்டியில் பாலைவனமும் மலையும் தாண்டிய அவர்களுடைய பெயர்கள் நம் பள்ளிப் பாடங்களில் இடம்பெற வேண்டியவை.

கியரும் பிரேக்கும். மலைப்பயணத்துக்கென்று வண்டியை மாற்றியமைத்ததில் பிரான்சின் செயின்ட் எட்டியென் நகரத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அங்கே வெலோசியோ என்ற புனைபெயரில் எழுதிய பால் த விவி (1853–1930), ஊரையொட்டிய மலைக்கணவாயில் பல கியர் வண்டிகளை இடைவிடாது சோதித்தார். பந்தய உலகம் அவ்வளவு எளிதில் இணங்கவில்லை. டூர் த பிரான்ஸ் பந்தயத்தில் செயினை மாற்றும் கியர் 1937இல்தான் அனுமதிக்கப்பட்டது.

கியரின் பயனைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முன்னால் 44 பல்லும் பின்னால் 18 பல்லும் உள்ள சாதாரணச் சைக்கிளில் பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி ஐந்தரை மீட்டர் அளவுக்கு நகரும். சமவெளிக்கு அது சரி. முன்னால் 34, பின்னால் 32 பல் வைத்த வண்டியில் அதே சுற்றுக்கு இரண்டேகால் மீட்டர்தான் நகரும். மெதுவாகத்தான் போகும், ஆனால் முழங்கால் தப்பிக்கும். ஆளும் வண்டியும் மூட்டையும் சேர்ந்து 100 கிலோ என்றால், 1,000 மீட்டர் உயரம் ஏற ஏறக்குறைய 980 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். 150 வாட் அளவில் சீராக மிதிப்பவருக்கு உராய்வைக் கணக்கில் சேர்க்காமலே இரண்டு மணி நேரம் நெருங்கிவிடும்.

ஏறியதெல்லாம் இறங்கவும் வேண்டும். அந்த 980 கிலோஜூலில் காற்று எடுத்துக்கொண்டது போக மீதி பிரேக்கில் வெப்பமாகிறது. முழுவதும் வெப்பமானால் மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கும். ஆகவே கொண்டை ஊசி வளைவில் நிறுத்தி ரிம்மைத் தொட்டால் கை சுடுகிறது. பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால் சூட்டில் டியூப் வெடிப்பதும் உண்டு. விட்டு விட்டுப் பிடித்து, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிரேக்கைத் தளர்த்துவதே முறை. நல்ல பிரேக் வருவதற்கு முன், ஐரோப்பிய மலைகளில் மரக்கிளையை வெட்டிக் கயிற்றில் கட்டி வண்டிக்குப் பின்னால் இழுத்தபடி இறங்கியவர்களும் இருந்தார்கள்.

தமிழ்நாட்டில் சைக்கிள். 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் ஹெர்குலிஸ் வண்டிகளைத் தயாரித்தது. ராடு பிரேக்கும் பெரிய சக்கரமும் கனத்த கேரியரும் கொண்ட இந்த வண்டி பால்காரருக்கும் தபால்காரருக்கும் உரியது. மூட்டை சுமப்பதில் சளைக்காது, மலையேற உதவாது. வாடகைக் கடையில் மணிக்கணக்கில் எடுத்து, பாருக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டுப் பழகிய தலைமுறைகளுக்கு அடுத்த ஊர்த் திருவிழாவே நெடும்பயணம். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. 2000க்குப் பிறகு பள்ளி மாணவ மாணவியருக்கு அரசு விலையில்லாச் சைக்கிள் வழங்கத் தொடங்கியது. இன்று மலைப்பயணம் போகும் இளைஞர் பலருக்குக் கால் பழகியது அந்தச் சைக்கிளில்தான்.

கியர் வண்டிகள் பரவலாகக் கிடைக்கத் தொடங்கியதும் பயணமும் வளர்ந்தது. 2008 டிசம்பரில் முதன்முதலாக நடந்த 'டூர் ஆஃப் நீலகிரீஸ்' கர்நாடகத்திலிருந்து நீலகிரிக்குள் ஏறி வரும் பல நாள் பயணம். அதில் கல்லட்டி ஏற்றமே பெரிய சோதனை. பிரெஞ்சு மரபிலிருந்து வந்த தொலைதூர ஓட்டங்களும் வேரூன்றின. அவற்றில் 200 கி.மீ. தூரத்துக்குப் பதின்மூன்றரை மணி நேரமும் 600 கி.மீ. தூரத்துக்கு 40 மணி நேரமும் வரம்பு. இவற்றால் பயிற்சியும் கட்டுப்பாடும் வளர்ந்தன என்பதில் ஐயமில்லை. ஆனால் கடிகாரத்தைப் பார்த்து மிதிப்பவருக்கு ஆற்றங்கரையில் இறங்கி நிற்க நேரம் இருப்பதில்லை.

மணிமுத்தாற்று வழி. விருத்தாசலம் பீங்கான் ஊர். செராமிக் தொழிற்பேட்டையும் அந்தத் தொழிலைக் கற்பிக்கும் கல்வி நிலையமும் இங்கே உள்ளன. பொம்மையும் அகலும் மின்சார ஃப்யூஸ் கட்டையும் இங்கே சூளைக்குப் போகின்றன. மேற்கே உள்ள பழம்பாறைகளின் ஃபெல்ட்ஸ்பார் மழையில் சிதைந்து களியாகிறது. நெய்வேலி, விருத்தாசலம் வட்டாரத்துக் களிமண் படிவுகள் ஆறுகள் இப்படி நெடுங்காலம் சுமந்துவந்து சேர்த்தவை. இங்கிருந்து ஆற்றை எதிர்த்து மேற்கே மிதிப்பவர், அந்த மண் புறப்பட்ட திசையில் போகிறார்.

வேப்பூர், சின்னசேலம் வழியாகக் கள்ளக்குறிச்சி வரை சாலை சமவெளிதான். ஏற்றம் கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத் தெரியும். மணிமுத்தாறு கல்வராயனில் பிறந்து, விருத்தாசலம் கோயிலையொட்டி ஓடி, வெள்ளாற்றில் சேர்ந்து பரங்கிப்பேட்டை அருகே கடலில் கலக்கிறது. ஆண்டில் பல மாதம் ஊருக்குள் அது வெறும் மணல். கச்சிராயபாளையம் தாண்டிக் கோமுகி அணைக்கு வந்தால்தான் மலை எதிரே எழுந்து நிற்கும். அங்கிருந்து வளைவுகளில் ஏறினால் பெரியார் அருவி, பிறகு வெள்ளிமலை. மேலே மரவள்ளியும் சாமையும் விளையும் மேட்டு நிலங்கள், இடையிடையே மலையாளிப் பழங்குடியினரின் ஊர்கள், கடுக்காய் மரங்கள். மேற்கே கருமந்துறைப் பக்கம் இறங்கினால் சேலம் மாவட்டம். அங்கிருந்து ஆத்தூர் வந்து, வசிஷ்ட நதியின் பள்ளத்தாக்கு வழியே கிழக்கே திரும்பலாம்.

இந்த மலைக்குச் சாலை தாமதமாக வந்ததற்குக் காரணம் உண்டு. 1976 வரை இது ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. மலைமக்கள் கொத்தடிமை வேலைக்கு ஆட்பட்டிருந்தார்கள். அரசின் சாலையும் பள்ளியும் பரவலாக எட்டியது அதற்குப் பிறகுதான். சைக்கிளில் வருபவர் இங்கே மிதிக்கும் தார்ச்சாலை, மலைமக்கள் நெடுநாள் காத்திருந்து பெற்றது.

காலமும் கட்டுப்பாடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. கிழக்கு மலைகளில் பாறை சரியும், ஓடைகள் சாலையை மறிக்கும். ஜனவரியும் பிப்ரவரியும் நல்ல காலம். ஏப்ரலில் விருத்தாசலம் பக்கத்துச் சமவெளியைக் காலை ஒன்பதுக்குள் கடந்துவிட வேண்டும். மேற்கே முதுமலையும் சத்தியமங்கலமும் புலிகள் காப்பகங்கள். திம்பம் பாதையில் 2022 பிப்ரவரி முதல் இரவுப் போக்குவரத்துத் தடை உள்ளது. காட்டுச் சாலைகளில் யானை நடமாட்டத்தால் சைக்கிளுக்குப் பகலிலும் அனுமதி மறுக்கப்படலாம். அது நியாயமானதே. மாயாற்றுப் பள்ளத்தாக்கு எவ்வளவு அழகானாலும் அது யானையின் வழித்தடம். புலிகள் காப்பகம் இல்லாத கல்வராயனில் காலையில் கோமுகியில் தொடங்கி நண்பகலுக்குள் வெள்ளிமலையில் இருக்கலாம்.