விரலின் விழுக்காடும் கையின் உழைப்பும்: பணியிடக் கைக்காயங்களுக்கான இழப்பீட்டு முறை

வேலையின்போது காயமுற்ற தொழிலாளி, முதலாளியின் தவறை மெய்ப்பிக்க வேண்டிய கட்டாயமின்றி இழப்பீடு கோரலாம் என்ற உரிமையை இந்தியாவில் நிலைநாட்டியது 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமாகும். அச்சட்டத்தின் முதல் அட்டவணை, கையின் ஒவ்வொரு பகுதியின் இழப்புக்கும் ஒரு விழுக்காட்டை நிர்ணயித்து, வழக்கைச் சுருக்கி இழப்பீட்டை விரைவுபடுத்த முயன்றது. எனினும், அந்த விழுக்காடு இழப்பீட்டின் தொடக்க அளவாக இல்லாமல் இறுதி அளவாகவே நடைமுறையில் கையாளப்படுவதால், சட்டம் காக்க முனைந்த ‘ஈட்டும் திறன்’, அதாவது உழைத்துப் பொருள் ஈட்டும் ஆற்றல், கணக்கிலிருந்து நழுவிவிடுகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கைக்காயங்கள் மிகுதியாக நிகழும் இடங்களுள் ஒன்று, தகட்டை அழுத்தி வடிவமைக்கும் பவர் பிரஸ் இயந்திரம். காலால் மிதியை அழுத்தியதும் மேலிருந்து இறங்கும் பாரம் தகட்டை டை என்னும் அச்சின் மீது வைத்து அழுத்துகிறது. தகட்டை வைப்பதும் எடுப்பதும் கையாலேயே நடைபெறும் பழைய இயந்திரங்களில், கிளட்ச் சாவி தேய்ந்துவிட்டால் மிதியை அழுத்தாமலே பாரம் மறுமுறை இறங்குவதுண்டு. இரு கைகளாலும் ஒருசேரப் பொத்தானை அழுத்தினாலன்றி இயங்காத அமைப்போ, டையைச் சுற்றிய தடுப்போ இருந்தால் பெரும்பாலும் தவிர்க்கக்கூடிய இவ்விபத்துகள், ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்ற தலைப்பின் கீழ் எளிதாக ஒதுக்கப்படுகின்றன. ஆனால் 1923ஆம் ஆண்டுச் சட்டம் கவனக்குறைவை இழப்பீட்டை மறுக்கும் காரணமாகக் கொள்ளவில்லை. மது அருந்தியிருத்தல், பாதுகாப்புக்கான வெளிப்படையான உத்தரவை வேண்டுமென்றே மீறுதல், பாதுகாப்புச் சாதனத்தை அறிந்தே அகற்றுதல் ஆகியவையே விலக்குகள். அவையும் மரணத்திலும் நிரந்தர முழு இயலாமையிலும் செல்லுபடியாவதில்லை.

அட்டவணையின்படி கட்டைவிரல் இழப்புக்கு 30 விழுக்காடு, சுட்டுவிரலுக்கு 14, நடுவிரலுக்கு 12, மோதிரவிரலுக்கோ சுண்டுவிரலுக்கோ 7, ஒரு கை முழுவதற்கும் 60 என வரையறுக்கப்பட்டுள்ளது. கட்டைவிரலுக்கு உயர்ந்த மதிப்பளித்தது, பற்றுதலில் அதன் பங்கை உணர்ந்த முடிவே. ஆயினும் சுத்தியலையோ கைப்பிடியையோ இறுகப் பிடிக்கும் வலுவில் மோதிரவிரலும் சுண்டுவிரலும் பெரும்பங்கு வகிக்கின்றன என்பதை 7 விழுக்காடு காட்டுவதில்லை. வலக்கை, இடக்கை என்ற வேறுபாட்டையும் அட்டவணை கருதுவதில்லை. 25 வயதுத் தொழிலாளி ஒருவர் சுட்டுவிரலை முழுமையாக இழந்தால், கணக்கிற்கென 2020இல் நிர்ணயிக்கப்பட்ட மாத ஊதிய வரம்பான ரூ. 15,000இல் 60 விழுக்காட்டை அவ்வயதுக்குரிய காரணியான 216.91ஆல் பெருக்கி, அதில் 14 விழுக்காடாக ஏறத்தாழ ரூ. 2,73,000 கிடைக்கும். அவர் நுண்ணிய நகை வேலை செய்பவராயினும் வாயிற்காவலராயினும் தொகை அதுவே.

இதனினும் முரணான நிலை ஒன்றுண்டு. விரல் துண்டாகாமல், தசைநாண் அறுந்தோ நரம்பு நசுங்கியோ பகுதியளவு செயலிழந்தால், அது அட்டவணையில் இடம்பெறாத காயமாகி, ஈட்டும் திறன் எவ்வளவு குறைந்தது என்பதைத் தகுதிபெற்ற மருத்துவர் மதிப்பிட வேண்டியதாகிறது. வேலையின் தன்மையை நோக்கும் வாய்ப்பு செயல்குன்றிய விரலுக்கு இருக்கையில், அறவே இல்லாமற்போன விரலுக்கு மட்டும் அதை மறுப்பதற்கு நியாயம் காண்பது கடினம்.

உச்ச நீதிமன்றம் பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில் இதற்கு வழி காட்டியுள்ளது. 1968இல் திரையரங்கு ஒன்றில் மர வேலை செய்கையில் விழுந்து இடக்கையை முழங்கைப் பகுதியில் இழந்த தச்சருக்கு, அட்டவணைப்படி 70 விழுக்காடே உரியது என்று முதலாளி தரப்பு வாதிட்டபோது, தச்சுத் தொழிலை ஒரு கையால் செய்ய இயலாது என்பதால் அது முழு இயலாமையே என்று நீதிமன்றம் ஏற்றது. விபத்தின்போது தொழிலாளி எவ்வேலைகளைச் செய்யவல்லவராக இருந்தாரோ அவற்றையெல்லாம் செய்ய முடியாமற்போவதே முழு இயலாமை என்ற சட்ட வரையறையே இத்தீர்ப்புக்கு அடிப்படை. முழு இயலாமைக்குப் பொருந்தும் இந்நெறி, பகுதி இயலாமைக்கும் பொருந்துவதே முறை. அட்டவணையை எவரும் குறைக்கவியலாத அடித்தளமாகக் கொண்டு, தொழிலின் தேவை கூடுதலாயின் மதிப்பீட்டையும் உயர்த்தலாம். இழப்பீட்டு முறையைத் தன் ஏழாம் அதிகாரத்தில் ஏற்றுக்கொண்ட 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலேயே இதை வெளிப்படையாக எழுதிவிடுவது பயன் தரும்.

அட்டவணையைத் திருத்தினால் தொழிலாளர் பதிவேட்டு மோசடிகள் அதிகரிக்கும் என்றும், மதிப்பீடு வழக்குக்கு வழக்கு வேறுபட்டுத் தாமதம் நேரும் என்றும் கூறப்படலாம். விழுக்காட்டைக் குறைந்தபட்ச அளவாக வைத்து அத்தொகையை உடனே வழங்கி, கூடுதல் உரிமையைப் பின்னர் ஆராய்வது இந்தத் தாமதத்தைத் தவிர்க்கும். பதிவைப் பொறுத்தவரை குறை வேறிடத்தில் இருக்கிறது. இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்துக்கு உட்பட்டவர்கள் இந்த இழப்பீட்டு முறையின்கீழ் கோர முடியாது. அவர்களுக்கு வாழ்நாள் ஓய்வூதியம் உண்டு என்றாலும் அதுவும் இதே விழுக்காட்டு முறையைச் சார்ந்தது. குருகிராம், மானேசர் வட்டாரத்தில் காயமுற்ற வாகன உதிரிபாகத் தொழிலாளர்களிடையே பணியாற்றும் ‘சேஃப் இன் இந்தியா’ அமைப்பின் அறிக்கைகள், பலருக்கு இ.எஸ்.ஐ. அட்டை விபத்துக்குப் பின்னரே கிடைத்ததைக் காட்டுகின்றன. ஒப்பந்ததாரர் வழி வந்தவருக்கும் முதன்மை முதலாளி பொறுப்பாவார் என்று சட்டம் கூறியும், உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது என்று விதித்தும், தன் பெயர் பதிவில் இருப்பதையே அறியாத தொழிலாளிக்கு அவை எட்டுவதில்லை. ஆகவே வேலையில் சேர்ந்த நாளிலேயே பதிவுச் சான்று கையில் சேர்வதும், காயத்தை மதிப்பிடும்போது தொழிலின் தன்மையும் பிடிவலிமையும் எந்தக் கை என்பதும் எழுத்தில் பதியப்படுவதும் கட்டாயமாக்கப்பட வேண்டும். கையால் வாழ்பவரின் இழப்பை அளக்க உறுப்பின் அளவு மட்டும் போதாது.