வேதாவின் பாட்டு, வேறொருவர் பெயர்

சேலம், நாமக்கல் பக்கம் அறுபதைத் தாண்டியவர்கள் நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் ‘நான் மலரோடு’ பாட்டைப் போட்டுவிட்டு, இசை யார் என்று கேட்டுப் பாருங்கள். “எம்.எஸ்.வி.தானுங்களே” என்று முதல் பதில் வரும். பக்கத்தில் இருப்பவர், “அது ஜெய்சங்கர் பாட்டுங்க” என்பார். இன்னொருவர், “நம்மூரு மாடர்ன் தியேட்டர்ஸ் பாட்டு” என்று உரிமை கொண்டாடுவார். சரணம் வரைக்கும் கூடவே பாடுகிறவர்களுக்குக்கூட வேதா என்ற பெயர் சட்டென்று நாக்கில் வருவதில்லை. இந்தப் பெயர் எப்படித் தொலைந்தது, தொலையாமல் காப்பாற்றியவர்கள் யார் என்பதுதான் இந்த வாரம்.

டி.ஆர். சுந்தரம் 1963 ஆகஸ்டில் மறைந்ததோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். திருச்செங்கோட்டில் பிறந்து, இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜவுளித் தொழில் படித்து, ஊர் திரும்பி 1935-ல் ஏற்காடு அடிவாரத்தில் ஸ்டூடியோ கட்டியவர். 1937-ல் வந்த ‘சதி அகல்யா’ தொடங்கி, முதல் மலையாளப் பேசும்படமான ‘பாலன்’, தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ என்று சாதனைகளை அடுக்கியவர். அவர் போன பிறகு மாடர்ன் தியேட்டர்ஸ் மகன் ராமசுந்தரத்தின் கைக்கு வந்தது. ஆர். சுந்தரம் என்ற பெயரில் படங்களை இயக்கியவர் இவர்தான்.

காலம் மாறியிருந்தது. ராஜா ராணிக் கதைகள் ஓய்ந்துகொண்டிருந்தன. துப்பாக்கி, கருப்புக் கண்ணாடி, கடத்தல் கும்பல், சுழல் படிக்கட்டு, கிளப் நடனம் என்று ஸ்டூடியோ துப்பறியும் படங்களின் பக்கம் திரும்பியது. 1965-ல் ‘வல்லவனுக்கு வல்லவன்’, 1966-ல் ‘வல்லவன் ஒருவன்’, ‘இரு வல்லவர்கள்’, 1967-ல் ‘எதிரிகள் ஜாக்கிரதை’, 1970-ல் ‘சி.ஐ.டி. சங்கர்’. பெரும்பாலும் ஜெய்சங்கர் நாயகன், ஆர்.எஸ். மனோகரோ அசோகனோ எதிரில். இத்தனைக்கும் இசை ஒரே ஆள், வேதா.

இந்தப் படங்களில் பல இந்திப் படங்களின் தழுவல். கதையோடு சேர்ந்து மெட்டும் வந்தது. ‘வல்லவனுக்கு வல்லவன்’ 1963-ல் இந்தியில் வந்த ‘உஸ்தாதோன் கே உஸ்தாத்’ படத்தின் தமிழ் வடிவம். அங்கே ரவி இசையில் முகமது ரஃபி பாடிய பாட்டுத்தான் இங்கே டி.எம். சௌந்தரராஜன் பாடிய ‘ஓர் ஆயிரம் பார்வையிலே’. ‘நான் மலரோடு’ பாட்டின் மூலம் ஓ.பி. நய்யாரின் மெட்டு, ‘ஏக் முசாஃபிர் ஏக் ஹசீனா’ படத்தில் வந்தது. சேலத்துக்கு வெளியிலும் இதே கதைதான். ‘வோ கௌன் தீ’ தமிழில் ‘யார் நீ’ ஆனபோது மதன் மோகனின் மெட்டு வேதாவின் கை வழியாக வந்து, பி. சுசீலா குரலில் ‘நானே வருவேன்’ ஆனது. மூலத்தை உண்டாக்கிய ரவி, நய்யார், மதன் மோகன் ஆகியோரின் பெயரைச் சொல்லாமல் வேதாவைப் பற்றிப் பேசுவது முறையில்லை. அதனால்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

ஆனால் அதோடு கணக்கை மூடிவிடுவதுதான் அநியாயம். ‘காப்பி மன்னன்’ என்று ஒரு முத்திரை குத்திவிட்டு எழுந்து போய்விடுகிறார்கள். இரவல் மெட்டு தமிழ்ப் படத்துக்குப் புதிதா? பேசும்படம் பிறந்த காலத்திலேயே பார்சி நாடகக் கம்பெனிகளின் இந்துஸ்தானி மெட்டுகளுக்குத் தமிழ் வரிகள் கட்டித்தான் பாடினார்கள். கடல் கடந்தும் பார்க்கலாம். வேதா சேலத்துப் படங்களுக்கு இசையமைத்துக்கொண்டிருந்த அதே 1963-ல் பீட்டில்ஸ் குழுவின் முதல் இசைத்தட்டுத் தொகுப்பு வந்தது. அதிலிருந்த 14 பாட்டுகளில் 6 பிறர் உண்டாக்கியவை. அவற்றை அவர்கள் எப்படிப் பாடினார்கள், எப்படி வாசித்தார்கள் என்றுதான் உலகம் கேட்டது. வேதாவிடமும் அந்தக் கேள்வியைத்தான் கேட்க வேண்டும்.

‘ஓர் ஆயிரம்’ பாட்டையே எடுத்துக்கொள்வோம். ரஃபியின் குரல் உருகும் குரல். சௌந்தரராஜனை அதேபோல உருகச் சொல்லியிருந்தால் பாட்டு கெட்டிருக்கும். அவர் ரஃபியாக முயலவே இல்லை. கம்பீரத்தைக் கொஞ்சம் தணித்து, சொல்லைச் சொல்லாக நிறுத்திப் பாடுகிறார். இந்தி மெட்டின் குறுகிய இடங்களில் தமிழின் நெடில்கள் சிக்காமல் உட்கார வேண்டும். பாட்டைக் கேட்கும்போது அங்கே ஓர் இடத்திலும் நெருடல் தெரியாது. மொழி தெரியாத ஒருவரிடம் இரண்டையும் போட்டுக் காட்டினால் எது மூலம் என்று அவரால் சொல்ல முடியாது என்றே நினைக்கிறேன். பாடகர் தேர்வு, மெட்டின் வேகம், வாத்தியக் கட்டு எல்லாம் ஓர் இசையமைப்பாளர் உட்கார்ந்து யோசித்துச் செய்கிற வேலை.

அந்தப் பாட்டில் இன்னொரு அதிசயமும் உண்டு. திரையில் அதற்கு வாயசைப்பவர் எஸ்.ஏ. அசோகன். பல்லைக் கடித்துக்கொண்டு மிரட்டுகிற வில்லனாகவே மக்கள் அறிந்திருந்தவர், மணிமாலாவைப் பார்த்துக்கொண்டு அப்படியொரு காதல் பாட்டைப் பாடுகிறார். ராசிபுரத்துப் பெரியவர் ஒருவர் அந்தப் படத்தைக் கீற்றுக் கொட்டகையில் தரை டிக்கெட்டில் பார்த்த கதையை என்னிடம் சொன்னார். அசோகன் தலை தெரிந்ததும் மணலில் இருந்தவர்கள் ஏதோ அடிதடி என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்களாம். பாட்டு தொடங்கி இரண்டு வரி போனதும் கொட்டகை அடங்கிவிட்டதாம். “அன்னைக்கிருந்து அசோகனைத் திட்ட மனசு வரலீங்க” என்றார்.

சேலம், நாமக்கல் பக்கத்து நினைவுகள் கொட்டகையில் மட்டும் இல்லை. குழித்தறியிலும் இருந்தன. இளம்பிள்ளையிலும் திருச்செங்கோட்டிலும் தறிக்குழிக்கு மேலே சுவரில் பலகை அடித்து, அதன்மேல் ரேடியோ வைத்திருந்தார்கள். அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கிவைத்திருந்த ஐம்பதுகளிலேயே ஜனங்களின் காது இலங்கை வானொலிப் பக்கம் திரும்பிவிட்டது. விவிதபாரதி வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. இலங்கை அறிவிப்பாளர்கள் படம், பாடியவர், பாடலாசிரியர், இசையமைப்பாளர் என்று எல்லாவற்றையும் திருத்தமாகச் சொல்வார்கள். ‘இசை வேதா’ என்ற இரண்டு சொல்லைக் காதால் கேட்டு மனதில் வைத்தவர்கள் பெரும்பாலும் அந்த நெசவாளர்கள்தான். விசைத்தறி வந்து இரைச்சல் கூடிய பிறகு ரேடியோ எடுபடவில்லை. பெயர் மறந்துபோனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

அடுத்தது மைக்செட்காரர்கள். கல்யாண வீட்டுக்கு முதல் நாள் சாயங்காலமே வந்து, தென்னை மரத்தில் கூம்பு ஒலிபெருக்கியைக் கட்டி, மேசை போட்டு, இசைத்தட்டுப் பெட்டியைத் திறப்பார்கள். முதல் தட்டு பிள்ளையார் பாட்டு. அதன்பின் அவர்கள் ராஜ்ஜியம். சங்ககிரிப் பக்கம் பல வருஷம் இந்தத் தொழில் பார்த்த ஒருவர் தம் பெட்டியை எனக்குத் திறந்து காட்டினார். காகித உறைகள் எல்லாம் பழுத்துக் கிடந்தன. அதிகம் கேட்கப்பட்ட தட்டுகளின் உறையில் பேனாவால் சின்னதாக ஒரு புள்ளி. ‘இரு வல்லவர்கள்’ தட்டின் உறையில் புள்ளி வைத்த இடம் மை கரைந்து நீலமாகவே இருந்தது. தட்டில் வரியோடிய இடங்களில் வெள்ளையாகத் தேய்ந்திருந்தது. “பொண்ணு மாப்ள மணவறைக்கு வர்ற நேரத்துக்கு இதைத்தான் போடச் சொல்லுவாங்க. ஊசி மாத்தி மாத்திப் போட்டே தட்டு வீணாப் போச்சு. திரும்ப வாங்கினது இது” என்றார். இசை யார் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்: “வேதாங்க. தட்டுல எழுதியிருக்கறதைப் படிக்கிற பழக்கம் எனக்கு உண்டு.”

எண்பதுகளில் கேசட் வந்தது. கடைவீதிகளில் ரெக்கார்டிங் சென்டர் முளைத்தது. வெள்ளைத்தாளில் பாட்டு வரிசை எழுதிக் கொடுத்தால், அறுபது நிமிஷக் கேசட்டோ தொண்ணூறு நிமிஷக் கேசட்டோ, இரண்டு பக்கமும் பதிந்து தருவார்கள். நாமக்கல்லில் பாடி கட்டிய லாரிகளின் டிரைவர்கள் இவர்களின் நிரந்தர வாடிக்கை. ஜெய்சங்கர் படப் பாட்டு என்று தனியாகவே ஒரு கேசட் கேட்பார்களாம். ராத்திரி ஓட்டத்துக்கு அந்தத் தாளக்கட்டும் கிடாரும் தூக்கத்தை விரட்டும். எல்.ஆர். ஈஸ்வரி பாடிய ‘பளிங்கினால் ஒரு மாளிகை’ கட்டாயம் இருக்கும். அது இல்லாத கேசட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

வடக்கே லோடு கொண்டுபோன ஒரு டிரைவர் சொன்னதை இங்கே எழுதியே ஆகவேண்டும். நாக்பூர் தாண்டி ஒரு தாபாவில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தாராம். ரேடியோவில் ‘நான் மலரோடு’ மெட்டு இந்தியில் வந்தது. “நம்ம பாட்டை எடுத்துட்டாங்கன்னு கோபமா எந்திரிச்சு உக்காந்தேனுங்க” என்றார். அது முந்தியது, நம்முடையதுதான் பிந்தியது என்று பிற்பாடு யாரோ விளக்கியிருக்கிறார்கள். கேட்டுக்கொண்டாராம். ஆனாலும் இன்றைக்கும் அவருக்கு அந்த மெட்டு தமிழில்தான் முழுசாக இருக்கிறது. இசை தெரிந்தவர்கள் இதை வெறும் பழக்கத்தின் பாசம் என்று தள்ளிவிடலாம். நான் தள்ளமாட்டேன். இரவல் மெட்டு இன்னொரு மண்ணில் சொந்தப் பாட்டாக வேர்பிடிக்க வேண்டுமென்றால் நடுகிறவனுக்குக் கைப்பக்குவம் வேண்டும்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இரவல் இல்லாத வேதா எப்படி இருப்பார்? சேலத்து வல்லவர்கள் வருவதற்கு ஐந்தாறு வருஷம் முன்னாலேயே அதற்குப் பதில் இருக்கிறது. 1956-ல் ‘மர்ம வீரன்’, 1958-ல் ‘அன்பு எங்கே’ என்று படம் செய்துகொண்டிருந்தவர் அவர். ‘டிங்கிரி டிங்காலே’ என்று சௌந்தரராஜனைப் பாடவைத்துத் தெருவெல்லாம் முணுமுணுக்கச் செய்தது ‘அன்பு எங்கே’ படத்தில்தான். 1960-ல் ‘பார்த்திபன் கனவு’ வந்தது. கல்கியின் நாவல், யோகானந்த் இயக்கம், ஜெமினி கணேசன், வைஜயந்திமாலா. நாவலைத் தொடராகப் படித்து மனப்பாடம் செய்திருந்த வாசகர்களின் எதிர்பார்ப்பு ஒரு பக்கம். அதற்கு ஈடு கொடுக்க வேண்டியிருந்தது இசை.

ஏ.எம். ராஜாவும் சுசீலாவும் பாடும் ‘இதய வானின் உதய நிலவே’. வரிகள் எழுத்தாளர் விந்தன் எழுதியவை. அவசரமே இல்லாமல் நகரும் பாட்டு அது. ராஜாவின் குரல் மேலே போகாது. போக வேண்டிய அவசியமும் அந்த மெட்டில் வைக்கப்படவில்லை. குரலின் மென்மை எங்கே அழகோ அந்த எல்லைக்குள்ளேயே மெட்டு சுற்றி வருகிறது. சுசீலா வந்து சேரும் இடத்தில் பாட்டு ஒரு படி உயர்ந்து மறுபடி இறங்குகிறது. அதே படத்தின் ‘பழகும் தமிழே’ பாட்டும் இதே ஜோடிதான். இந்த இரண்டையும் செய்தவரை மெட்டுப் போடத் தெரியாதவர் என்று எந்த வாயால் சொல்வது? பட முதலாளிகளுக்கு வெற்றி பெற்ற இந்தி மெட்டுகள் தேவைப்பட்டன. அவர் அதைத் திருத்தமாகச் செய்து கொடுத்தார். திருத்தமாகச் செய்ததாலேயே அடுத்த படத்துக்கும் அதையே கேட்டார்கள். திறமை ஒருவரை எப்படி ஓரிடத்தில் கட்டிப்போடும் என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட வருத்தமான உதாரணம் தமிழ்த் திரையிசையில் இல்லை.

இன்னொரு கணக்கும் பாக்கி இருக்கிறது. 1963-ல் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த ‘கொஞ்சும் குமரி’யில் மனோரமா முதல்முறையாகக் கதாநாயகி ஆனார் என்பதை எல்லோரும் எழுதுகிறார்கள். கே.ஜே. யேசுதாஸ் முதலில் பாடியது எஸ். பாலசந்தரின் ‘பொம்மை’க்கு என்றாலும், அவர் குரல் தமிழ்த் திரையில் முதலில் வெளிவந்தது இந்தக் ‘கொஞ்சும் குமரி’யில்தான். அதற்கும் இசை வேதா. யேசுதாஸின் பாராட்டு விழாக்களில் இந்தத் தகவலைச் சொல்பவர்கள்கூடப் படத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

மாடர்ன் தியேட்டர்ஸுக்காக 1971-ல் வந்த ‘ஜஸ்டிஸ் விஸ்வநாத’னுக்கும் அவர் இசையமைத்தார். எண்பதுகளின் தொடக்கத்தில் ஸ்டூடியோவே மூடப்பட்டது. இடம் வீட்டுமனைகளாகி, ஏற்காடு சாலையில் முகப்பு வளைவு மட்டும் நிற்கிறது. போகிற வழியில் வண்டியை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்கிறவர்கள் எம்.ஜி.ஆர்., கலைஞர், கண்ணதாசன் பெயர்களைச் சொல்லிக்கொள்கிறார்கள். கோயில் திருவிழா மேடைகளில் பழைய பாட்டுக் கச்சேரி நடத்தும் இசைக்குழுக்களுக்கு நான் விடுக்கும் வேண்டுகோள் ஒன்றுதான்: ‘ஓர் ஆயிரம்’ பாடுவதற்கு முன்னால் பாடகர் பெயரோடு இசையமைப்பாளர் பெயரையும் மைக்கில் சொல்லுங்கள். கூடவே ரவியின் பெயரையும் சொல்லுங்கள்.

வேதாவுக்கு முன்னால், ‘மந்திரி குமாரி’ காலத்தில் இதே ஸ்டூடியோவின் இசைக்கூடத்தை நிறைத்திருந்தவர் ஜி. ராமநாதன். கர்நாடக ராகங்களைப் பாமரர் வாயில் புழங்கவைத்த அவருடைய சேலத்து நாட்களை அடுத்த இதழில் பார்ப்போம்.